தோயாத தயிரும் ஓர் அட்டை மாத்திரையும்

குன்னூர்,
தை மாதம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. எழுத உட்காரும்போதெல்லாம் விரல் விறைத்துப் போகிறது. இன்றைக்குத்தான் கொஞ்சம் வெயில் அடிக்கிறது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று எழுதியிருந்தாயே, படம் அனுப்பு. இங்கே எல்லாரும் சுகம். போன வாரம் காட்டெருமை ஒன்று எங்கள் கேட்டை முட்டிச் சாய்த்துவிட்டுப் போனது. அவ்வளவுதான் ஊர்ச் செய்தி.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பல்லுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டு வயிறு கலங்கிவிட்டது, மருந்துக்கடையில் நாலு விதமான புரோபயாடிக் (குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள கிருமிகள்) காட்டுகிறார்கள், எதை வாங்க என்கிறாய். இந்த விஷயத்தில் நான் சூடு கண்ட பூனை.

போன ஐப்பசி மழையில் நெஞ்சுச்சளிக்கு மருந்து சாப்பிட்டு எனக்கும் இதே கதைதான். கடையில் ஒரு டப்பாவை நீட்டினார்கள். 5,000 கோடி நல்ல கிருமிகள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கோடியைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டேன். இரண்டு நாளில் வயிறு தானாகவே அடங்கிவிட்டது. ஆனாலும் காசு கொடுத்தாயிற்றே என்று ஒரு மாதம் விழுங்கினேன். கண்ட பலன் உப்புசம். கடைசியில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதை எதுக்கும்மா சாப்பிடறீங்க?” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அவர் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். டப்பாவில் ‘லாக்டோபேசில்லஸ்’ என்று மட்டும் இருந்தால், அது விலாசத்தில் ‘நீலகிரி மாவட்டம்’ என்று மட்டும் எழுதின மாதிரி. கதவு எண் வரைக்கும் வேண்டும். ‘லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் ஜிஜி’ என்பதில் அந்த ஜிஜிதான் கதவு எண். சோதனை செய்து பார்த்ததெல்லாம் அந்த வீட்டுக்காரரை வைத்துத்தான். பக்கத்து வீட்டுக்காரரும் அதே வேலையைச் செய்வார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. (2020இல் இந்தக் குடும்பத்தையே பிரித்துப் புதுப் பெயர்கள் வைத்துவிட்டார்கள். ‘லாக்டிகேசிபேசில்லஸ் ரம்னோசஸ்’ என்று பார்த்தால் குழம்பாதே, அதே ஆள்தான்.)

ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்குக்கு ஓரளவு நல்ல சான்று இருப்பது இந்த ஜிஜிக்கும், ‘சாக்கரோமைசிஸ் பவுலார்டி’க்கும். இரண்டாவது பாக்டீரியா இல்லை, ஈஸ்ட். அதனால் ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது. ஜிஜி பாக்டீரியா என்பதால் ஆன்டிபயாடிக்குக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட்டுச் சாப்பிட வேண்டும். பவுலார்டி வந்த கதை உனக்குப் பிடிக்கும். 1920களில் காலரா பரவிய இந்தோசீனாவில், லிச்சி, மங்குஸ்தான் தோலைக் கொதிக்க வைத்துக் குடித்தவர்களுக்குப் பேதி கடுமையாகாததை பவுலார் என்ற பிரெஞ்சுக்காரர் கவனித்தார். அந்தத் தோலிலிருந்து அவர் பிரித்தெடுத்த ஈஸ்ட்தான் இது. பர்லியாரில் பஸ்ஸை விட்டு இறங்கி மங்குஸ்தான் வாங்கித் தின்று, தோலை ஜன்னல் வழியாக வீசினோமே, ஞாபகம் இருக்கிறதா? எத்தனை மருந்தை வீசினோமோ! (அதற்காகத் தோலைக் காய்ச்சிக் குடிக்கக் கிளம்பிவிடாதே.)

ஒரு விஷயம். இவை ஆன்டிபயாடிக் தொடங்கின ஓரிரு நாளிலேயே சேர்த்து எடுத்தால்தான் பிரயோஜனம். உனக்கு மருந்து முடிந்து வயிறும் அடங்கியிருந்தால் இனி வாங்காதே. காய்ச்சலோ, மலத்தில் ரத்தமோ இருந்தால் கடைக்காரரிடம் நிற்காமல் நேரே டாக்டரிடம் போ.

உன் வீட்டுக்காரருக்கு வருஷக்கணக்காக இருக்கும் வயிற்றுத் தொல்லை வேறு ரகம். அதற்கு இன்னதுதான் கேட்கும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. 2020இல் அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர் சங்கமே, குடல் எரிச்சல் நோய்க்கு (ஐ.பி.எஸ். என்பார்களே, அது) புரோபயாடிக்கை ஆய்வுக்கு வெளியே பரிந்துரைக்க முடியாது என்றுதான் சொன்னது. ஆசைப்பட்டால் ஒன்றே ஒன்றை ஒரு மாதம் சாப்பிட்டுப் பார்க்கட்டும். மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடட்டும். நல்ல கிருமிக்குத் தீனி என்று மலைப்பூண்டை அள்ளிப் போடாதே, உப்புச வயிற்றுக்கு அது வம்பு.

ஆனால் உன் அண்ணனுக்கு மட்டும் கடையிலிருந்து எதையும் வாங்கிக் கொடுக்காதே. கீமோ போய்க்கொண்டிருக்கிறது, நெஞ்சில் குழாய் வேறு. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இந்த நல்ல கிருமியே ரத்தத்தில் புகுந்துவிடுவது உண்டு. அவருடைய டாக்டர் சொன்னால் மட்டும்.

அப்புறம், மதுரை வெயிலை மறந்துவிடாதே. சிலவற்றைக் குளிரிலேயே வைக்க வேண்டும். அட்டையில் போட்டிருப்பதைப் படி. போட்டிருக்கும் கிருமி எண்ணிக்கை காலாவதி நாள் வரைக்குமா, தயாரித்த அன்றைக்கு மட்டுமா என்றும் பார்.

‘வீட்டுத் தயிரே போதாதா?’ என்று கேட்பாய். நானும் கேட்டேன். தயிர் நல்லதுதான், பால் ஒத்துக்கொள்ளாதவருக்குக்கூடப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். ஆனால் நம் சட்டியில் எந்தக் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை, அதனால் அதை மருந்துக் கணக்கில் சேர்க்க மாட்டார்களாம். கணக்கில் சேர்க்கட்டும், சேர்க்காமல் போகட்டும், எனக்குத் தயிர் இல்லாமல் சோறு இறங்காது. ஆனால் இங்கே அதைத் தோய வைப்பதே பெரும் பாடு. நேற்று இரவு விரல் பொறுக்கிற சூட்டில் பாலில் உறை விட்டு, காம்போடு ஒரு பச்சை மிளகாய் போட்டு, ஹாட்பாக்ஸில் வைத்து, மேலே என் வீட்டுக்காரருடைய பழைய ஸ்வெட்டரைச் சுற்றினேன். காலையில் திறந்தால் பால் பாலாகவே இருந்தது. மத்தியானம் வெயிலில் ஜன்னலோரம் வைத்த பிறகு ஓரத்தில் கொஞ்சம் கெட்டிப்பட்டது. மாவுக்கும் இதே கதி.

மே மாதம் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி போடுவார்கள், கட்டாயம் வா. வரும்போது உன் வீட்டு உறைமோர் ஒரு சின்ன பாட்டிலில் கொண்டு வா. மதுரையில் வளர்ந்தது இங்கே எத்தனை நாள் நடுங்குகிறது பார்ப்போம்.

உன்
பழைய பெஞ்சுத் தோழி