'லெட் இட் பி' படத்தை டிஸ்க்காகக் கொடுங்கள்: ஆப்பிள் கோர் நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

ஆப்பிள் கோர் நிறுவனத்தாருக்கு வணக்கம்.

நீங்கள் கைப்பேசி விற்கும் ஆப்பிள் இல்லை, பீட்டில்ஸ் இசைக்குழுவின் நால்வரும் 1968-இல் லண்டனில் தொடங்கிய ஆப்பிள் என்பதை என் வீட்டிலேயே விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. "அவங்களுக்கு எதுக்கு லெட்டர், போன் ரிப்பேரா?" என்றார் மனைவி. இல்லை, ஒரு படம் விஷயமாக என்றேன். "அதானே பார்த்தேன்" என்று உள்ளே போய்விட்டார்.

நான் சென்னையில் இருப்பவன். இசைக் கலைஞனோ விமர்சகனோ இல்லை. பீட்டில்ஸ் படங்களும் கச்சேரிப் பதிவுகளும் வீட்டில் பார்ப்பதற்கென்று எந்த வடிவத்தில் வந்தாலும் தேடி வாங்கி வைப்பவன், அவ்வளவுதான். வீடியோ கேசட், லேசர் டிஸ்க், டிவிடி, புளூ-ரே எல்லாம் ஒரு மர பீரோவில் இருக்கின்றன. லேசர் டிஸ்க் போட்டுப் பார்க்க என்னிடம் பிளேயர் கூடக் கிடையாது. அதைக் கடைசிவரை செய்துகொண்டிருந்த பயனியரும் 2009-இல் கை விட்டுவிட்டது. அட்டையைத் துடைத்து வைப்பதோடு சரி.

அந்த பீரோவில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. 1970-இல் வந்த 'லெட் இட் பி' படத்தின் டிவிடியும் புளூ-ரேயும் இருக்க வேண்டிய இடம். அப்படி ஒன்றை நீங்கள் வெளியிட்டதே இல்லை. தயவுசெய்து வெளியிடுங்கள். மடலின் சாரம் இதுதான். மீதியெல்லாம் ஏன் கேட்கிறேன் என்பதற்கான காரணம்.

படத்தின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 1969 ஜனவரியில் டுவிக்கன்ஹாம் ஸ்டுடியோவில் தொடங்கி, சாவில் ரோவில் உங்கள் அலுவலகத்தின் நிலவறைக்கு மாறி, 30-ஆம் தேதி அதே கட்டடத்தின் மொட்டை மாடியில் வாசித்து, மறுநாள் நிலவறையில் முடிந்த ஒரு மாதப் பாட்டு ஒத்திகையும் பதிவும். இயக்குநர் மைக்கேல் லிண்ட்சே-ஹாக் 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்தார், அதைத் தியேட்டருக்காக 35 மி.மீ. ஆகப் பெரிதாக்கினார்கள். படம் வெளியானபோது குழு உடைந்துவிட்டது. முதல் காட்சிக்கு நால்வரில் ஒருவரும் போகவில்லை. ஒரு காட்சியில் பால் மெக்கார்ட்னியும் ஜார்ஜ் ஹாரிசனும் கிடார் வாசிப்பது பற்றிக் குரலை உயர்த்தாமல் வாக்குவாதம் செய்கிறார்கள். அடுத்த அறையில் அப்பா அம்மா சண்டையைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும் பிள்ளையைப் போல ரசிகர்கள் அதைப் பார்த்தார்கள். அந்தப் படத்தின் பாடல்களுக்கு ஆஸ்கர் கிடைத்தது என்பது பலருக்கு நினைவில்லை.

1981-இல் அமெரிக்காவில் இது வி.எச்.எஸ்., பீட்டாமேக்ஸ், லேசர் டிஸ்க் என்று வந்தது. பெரிதாக விற்கவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கடைகளிலிருந்து மறைந்தும் போனது. அதற்கப்புறம் 2024 வரை ஒன்றுமே இல்லை. நடுவில் ஒரு முறை படத்தைச் சீரமைக்கத் தொடங்கினீர்கள். பாதி வழியில், மிச்சக் காட்சிகளைப் பார்த்தபோது பழைய விவகாரங்கள் இன்னும் ஆறவில்லை என்று தோன்றியதாக அப்போது உங்கள் நிறுவனத்தை நடத்திய நீல் ஆஸ்பினாலே சொன்னார். அந்த வேலை அப்படியே உள்ளே போய்விட்டது.

சரி, ஏறக்குறைய நாற்பது ஆண்டு நீங்கள் பூட்டி வைத்த ஒரு படத்தை உலகம் எப்படிப் பார்த்தது? 1981-இல் கேசட்டும் லேசர் டிஸ்க்கும் வாங்கியவர்கள் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். அதிலிருந்து ஒருவர் நகல் எடுத்தார், நகலிலிருந்து இன்னொருவர். எங்கள் ஊரில் இதற்குத் 'திருட்டு விசிடி' என்று பெயர். நான் முதன்முதலில் பார்த்ததும் அப்படி ஒன்றில்தான். எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன். படம் கிணற்றுக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது போல இருட்டாக இருந்தது. டிரம் வாசிக்கும் ரிங்கோவின் முகம் எது, டிரம் எது என்று நிதானித்துப் பார்க்க வேண்டும். மாடியில் 'டோன்ட் லெட் மி டவுன்' தொடங்கும் இடத்தில் டிஸ்க் நின்றுவிடும். அப்போதும் ஐந்தாறு முறை பார்த்திருக்கிறேன்.

திருட்டை நியாயப்படுத்த வரவில்லை. வாங்கக் காசோடு நின்றவனுக்குக் கடையில் பொருள் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

அசல் கேசட் என்னிடம் வந்தது வெகு பின்னால். அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த நண்பர் ஒருவர் பெட்டியில் துணிகளுக்கு நடுவே செருகிக் கொண்டுவந்தார். அதைப் போட்டால் என் டெக்கில் படம் கறுப்பு வெள்ளையாக மேலும் கீழும் ஓடியது. அமெரிக்கக் கேசட் என்.டி.எஸ்.சி. முறை, நம்முடையது பால். மெக்கார்ட்னி இல்லை, ஒளிபரப்பு முறையின் பெயர். இரண்டையும் வாசிக்கும் டெக் ஒன்றைப் பழைய சாமான்களில் தேடிப் பிடித்தேன்.

இந்தப் பால் முறையில் சேகரிப்பவர்களுக்கு மட்டும் உறைக்கும் ஒரு தொல்லை உண்டு. சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடுவது. பால் முறைக்கு 25 வேண்டும். அதனால் சினிமாவை அப்படியே கொஞ்சம் வேகமாக ஓட்டிக் கேசட்டில் பதிவார்கள். நூற்றுக்கு நான்கு பங்கு வேகம். பேச்சில் தெரியாது. பாட்டில் தெரியும், சுருதி முக்கால் அரைச்சுரம் போல ஏறிவிடும். வேறு படமானால் போகட்டும் என்று விடலாம், பீட்டில்ஸ் படத்தில் எப்படி விடுவது? இசைத்தட்டில் நூறு முறை கேட்ட பாட்டு இங்கே கொஞ்சம் அவசரப்பட்டுப் பாடுகிறது. இதற்காகவே நான் ஒரே படத்தை இரண்டு முறையிலும் வாங்கியிருக்கிறேன். வீட்டில் இதை விளக்கப் போய்த் தோற்றிருக்கிறேன்.

ஒரே படத்தை ஏன் நாலு முறை வாங்குகிறாய் என்பது எல்லாச் சேகரிப்பாளரிடமும் கேட்கப்படும் கேள்வி. ஒரே படமாக இல்லை என்பதால்தான். 'எ ஹார்ட் டேஸ் நைட்' 1964-இல் வந்தது. 1980-களில் மறுபடி திரையிட்டபோது முன்னால் புகைப்படங்களைக் கோத்து 'ஐ வில் க்ரை இன்ஸ்டெட்' பாடலை ஒட்டினார்கள். 1984-இல் வந்த கேசட்டில் அது இருக்கிறது. இயக்குநர் ரிச்சர்ட் லெஸ்டரின் அசல் படத்தில் அது கிடையாது, 2014-இல் கிரைட்டீரியன் வெளியிட்ட அழகான புளூ-ரேயிலும் இல்லை. இல்லாமலிருப்பதுதான் சரி. ஆனால் அந்தக் கேசட்டோடு வளர்ந்த ஒருவருக்கு அதுதானே படம்? அதனால் இரண்டும் பீரோவில் இருக்கின்றன. 'யெல்லோ சப்மரீன்' 1987 கேசட் ஒரு ஒலி, 1999 டிவிடி வேறு ஒலி. அந்த டிவிடியில் அமெரிக்கர்கள் அதுவரை தியேட்டரில் பார்க்காத 'ஹே புல்டாக்' காட்சியும் திரும்பி வந்தது. 2012 புளூ-ரேக்காக ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் சுத்தம் செய்தீர்கள். அந்த வேலைக்கு ஒரு கும்பிடு.

'ஹெல்ப்!' டிஸ்க்கைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் போக முடியாது. அதில் வரும் பலிகேட்கும் அம்மனுக்குப் பெயர் கைலி. எங்கள் ஊரில் அதை இடுப்பில் கட்டுவோம். இந்தியாவைப் பற்றி எதுவும் தெரியாமல் எடுத்த கேலிக்கூத்துதான். ஆனால் அதே படத்தின் உணவகக் காட்சியை எடுக்கும்போதுதான் ஜார்ஜ் ஹாரிசன் ஒரு சிதாரை முதன்முதலாகக் கையில் எடுத்துப் பார்த்தார். 1965 ஏப்ரல். அங்கிருந்து ரவிசங்கர், அங்கிருந்து 1996-இல் ரவிசங்கரின் மந்திரப் பாடல்கள் தொகுப்பைப் பதிவு செய்ய எங்கள் மதராஸ் வரை வந்தார் ஜார்ஜ். ஒரு டிஸ்க்கை நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, அந்தக் காட்சியைப் பார்க்க முடிகிறது என்பதற்காகவே அதை வைத்திருக்கிறேன்.

மீண்டும் 'லெட் இட் பி'. 2021-இல் பீட்டர் ஜாக்சனின் 'கெட் பேக்' வந்தது. 1969-இல் எடுத்த அதே அறுபது மணி நேரப் படச்சுருளிலிருந்து ஏறத்தாழ எட்டு மணி நேரம். உண்மையிலேயே பிரமாதம். அந்த நால்வரும் சிரித்துக்கொண்டும் டீ குடித்துக்கொண்டும் இருந்தவர்கள் என்று ஐம்பது ஆண்டு கழித்துத் தெரிந்தது. அடுத்த ஆண்டே டிஸ்க்காகவும் கொடுத்தீர்கள், வாங்கினேன். ஆனால் அது இதற்கு மாற்றில்லை. பழைய படத்தில் இருக்கும் துண்டுகளைக் கூடியவரை தவிர்த்து, வேறு கோணங்களை எடுத்துத்தான் ஜாக்சன் கோத்தார். 'ஐ மீ மைன்' பாட்டுக்கு ஜான் லென்னனும் அவர் துணைவி யோகோ ஓனோவும் சுழன்று ஆடும் காட்சிக்கு லிண்ட்சே-ஹாக் கொடுத்த நேரமும் மௌனமும் அவருடையவை. எட்டு மணி நேரத்தில் சொல்வதும் எண்பது நிமிடத்தில் சொல்வதும் ஒன்றா?

2024 மே 8 அன்று அந்த எண்பது நிமிடமும் சீரமைக்கப்பட்டு டிஸ்னி பிளஸில் வந்தது. அன்று ராத்திரியே பார்த்தேன். டிரம் எது, ரிங்கோ எது என்று சந்தேகமே வரவில்லை. முகங்களைக் கொஞ்சம் அதிகமாகவே துடைத்துவிட்டார்கள், மெழுகு பூசியது போல இருக்கிறது என்பது என் குறை. பார்த்து முடித்து, டிஸ்க் எப்போது என்று தேடினேன். இந்த மடலை எழுதும்வரை வரவில்லை. அதே ஆண்டு 'பீட்டில்ஸ் 64' ஆவணப்படம் வந்தது, அதுவும் ஸ்ட்ரீமிங் மட்டும். 2025 நவம்பரில் குழுவின் வரலாற்றைச் சொல்லும் 'ஆந்தாலஜி' தொடர் புது ஒன்பதாம் பகுதியோடு வந்தது, அதுவும் அப்படியே. இந்தத் தொடரை 1996-இல் எட்டுக் கேசட்டாகவும், 2003-இல் ஐந்து டிவிடியாகவும் கொடுத்தவர்கள் நீங்கள்.

டிஸ்க் இப்போது விற்பதில்லை என்று சொல்வீர்கள். ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊரில் டிவிடி விற்ற கடைகள் கைப்பேசி உறை விற்கின்றன. ஆனால் அதே 2025 நவம்பரில் அதே 'ஆந்தாலஜி' பாடல்களைப் பன்னிரண்டு இசைத்தட்டுப் பெட்டியாக வெளியிட்டீர்களே? ஊசி வைத்துக் கேட்கும் தட்டுக்கு ஆள் இருக்கிறது, படம் பார்க்கும் தட்டுக்கு ஆள் இல்லையா? இரண்டையும் வாங்குவது ஒரே ஆட்கள்தான் ஐயா. என் பீரோவைப் பார்த்தால் தெரியும்.

எனக்குள்ள பயம் வேறு. ஸ்ட்ரீமிங்கில் இருப்பது என்றால் சாவி உங்களிடம் இருப்பது. வேறு நிறுவனமாக இருந்தால் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். நீங்கள் இந்தப் படத்தை ஏற்கனவே ஒரு முறை நாற்பது ஆண்டு உள்ளே வைத்தவர்கள். நாளைக்கு ஒப்பந்தம் முடியலாம், அல்லது உங்களில் யாருக்காவது பழைய வாக்குவாதம் மறுபடி உறுத்தலாம். அன்றைக்கு எதிலிருந்து நகல் எடுப்பது? 1981 கேசட்டிலிருந்தா? போன முறை பாதுகாத்தவர்களிடம் இந்த முறை பாதுகாக்க ஒன்றுமே கொடுக்கவில்லையே நீங்கள்.

டிஸ்க் போடுவதாக இருந்தால் சில விண்ணப்பங்கள். சீரமைத்த படத்தோடு, துடைக்காத பழைய பிரிண்டையும் ஒரு ஓரமாகச் சேர்த்துவிடுங்கள். புள்ளி புள்ளியாக இருந்தால் இருக்கட்டும், 1970-இல் தியேட்டரில் அப்படித்தானே பார்த்தார்கள். ஜாக்சனும் லிண்ட்சே-ஹாக்கும் பேசும் முன்னுரை நன்றாக இருந்தது, அதையும் விட வேண்டாம். ஒரு நாட்டு டிஸ்க் இன்னொரு நாட்டுப் பிளேயரில் ஓடாதபடி செய்யும் ரீஜன் பூட்டு போடாதீர்கள். புளூ-ரேயில் அமெரிக்காவுக்கு ஒதுக்கிய ரீஜன் ஏ, இந்தியாவுக்கு ஒதுக்கியது சி. என் 'எ ஹார்ட் டேஸ் நைட்' டிஸ்க்குக்காகத் தனியாக ஒரு பிளேயர் வாங்கினேன். இன்னொன்று வைக்க மேஜையில் இடமில்லை.

நியூயார்க் ஷே ஸ்டேடியம் கச்சேரியையும் கேட்க ஆசைதான். 1965 ஆகஸ்ட் 15, ஐம்பத்தைந்தாயிரத்துக்கு மேற்பட்ட கூட்டம். 2016-இல் 'எய்ட் டேஸ் எ வீக்' ஆவணப்படம் தியேட்டருக்கு வந்தபோது பின்னால் அரை மணி நேரம் காட்டினீர்கள், டிஸ்க் வாங்கிப் பிரித்தால் அந்த அரை மணி நேரம் இல்லை. அது வேறு மடல். இப்போதைக்கு ஒன்று போதும்.

பதில் போட முடிந்தால் சீக்கிரம் போடுங்கள். இந்த மழைக்காலத்தில் பீரோவைத் திறந்து பார்த்தேன். பருத்தித் துணியும் சிலிக்கா பொட்டலமும் வைத்துத்தான் இருந்தேன். 'லெட் இட் பி' கேசட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படர ஆரம்பித்திருக்கிறது. இனி அதை டெக்கில் போட்டால் டெக்கும் போய்விடும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளன், சென்னை