வலப்பக்கக் கட்டத்தைப் பார்க்காதே

அன்புள்ள மாப்ளே,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். உன் பன்றிக்கு இந்த ரிப்போர்ட்டில் பயப்படும்படி ஒன்றுமில்லை. ரத்தத்தை நீ கொடுத்தது மனிதர்களுக்கான லேபில். அவர்கள் கம்ப்யூட்டர், வலப்பக்கக் கட்டத்தில் மனிதர்களுக்கான அளவை அச்சடித்து, அதற்கு மேலே கீழே போனதையெல்லாம் தடித்த எழுத்தில் காட்டியிருக்கிறது. வெண்பன்றிக்கும் நமக்கும் ஒரே அளவா?

வெள்ளை அணு 18,600 என்றதும் உள்ளே எங்கோ சீழ் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டாய். நமக்கு 11,000 தாண்டினால் டாக்டர் புருவத்தை உயர்த்துவார். பன்றிக்கு இயல்பான அளவு அங்கேதான் தொடங்குகிறது. 22,000 வரை சாதாரணம். போதாததற்கு, நாலு பேர் அமுக்கிப் பிடிக்க அது கத்திய கத்தில் வெள்ளை அணுவும் சர்க்கரையும் கொஞ்சம் ஏறியிருக்கும். ஹீமோகுளோபின் 10.8 உனக்கோ எனக்கோ வந்தால் சோகை. வளரும் பன்றிக்கு 10 முதல் 16 வரை இயல்பு என்பதால் கீழ்ப்பக்கம் என்றாலும் உள்ளேதான் இருக்கிறது. சிவப்பணு சிறியது என்று போட்டிருப்பதையும் விட்டுவிடு, பன்றியின் சிவப்பணு நம்முடையதைவிடச் சிறியதுதான். கிரியாட்டினின் 1.9 பார்த்து கிட்னி போச்சு என்று அண்ணியிடம் புலம்பினாயாமே! பன்றிக்கு 1 முதல் 2.7 வரை போகலாம்.

உண்மையில் பயப்பட வேண்டியது எண்ணிக்கை இறங்கும்போது. பன்றிக் காய்ச்சல் கிருமி (நமக்கு வரும் ஃப்ளூ இல்லை, பன்றிகளையே தாக்குவது) வந்தால் வெள்ளை அணுவும், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுவும் சேர்ந்து சரியும். காய்ச்சலோடு இரண்டு மூன்று பன்றி தீவனத்தைத் தொடாமல் படுத்து, ரிப்போர்ட்டும் அப்படி வந்தால் லேபை நம்பி உட்காராதே. கால்நடை டாக்டரைக் கூப்பிடு, கொட்டகையிலிருந்து ஒரு குட்டியும் வெளியே போகக் கூடாது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்றால் நம் நாட்டில் அதற்குத் தடுப்பூசியே கிடையாது.

குட்டிகள் விஷயம் வேறு. பிறக்கும்போது ஒரு குட்டியின் உடம்பில் இருக்கும் இரும்புச் சத்து சுமார் 50 மில்லிகிராம். தினமும் 7 மில்லிகிராம் வேண்டும், தாய்ப்பாலில் கிடைப்பதோ 1 மில்லிகிராம். மண்ணைக் கிளறித் திரிந்த காலத்தில் மிச்சத்தை மண் கொடுத்தது. நீ சிமென்ட் தரை போட்டுவிட்டாய், கழுவ வசதி என்று. அதனால்தான் மூன்றாம் நாள் வாக்கில் 200 மில்லிகிராம் இரும்பு ஊசி. அதைத் தவறவிட்ட ஈற்றில் குட்டி வெளுத்து, ஹீமோகுளோபின் 8-க்கும் கீழே போய், வளர்ச்சி நின்றுவிடும். இந்தத் தடவை ஊசி போட்டாயா? அதை நீ எழுதவே இல்லை.

இன்னொன்று, கடலைப் புண்ணாக்கு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மன்னார்குடிப் பக்கம் மூட்டை ஈரம் இழுக்காமல் இருக்குமா? பூசணம் பிடித்த புண்ணாக்கில் இருக்கும் நஞ்சு கல்லீரலைத் தின்னும். கல்லீரல் கெட்டால் ரத்தத்தில் கூடும் ஏஎஸ்டி என்ற நொதி ஏறி, கல்லீரல் செய்யும் ஆல்புமின் என்ற புரதம் இறங்கினால் முதலில் மூட்டையை முகர்ந்து பார். உன் ரிப்போர்ட்டில் ஏஎஸ்டி மட்டும் மேலே நிற்கிறது. ரத்தம் பைக்கில் குலுங்கிப் போய் சிவப்பணு உடைந்திருந்தாலும் அது ஏறும், பன்றி ரத்தம் எளிதில் உடையும். ஆகவே இதை வைத்துப் புண்ணாக்கைக் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்த முறை ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போ. கழுத்தின் வலப்பக்கம், பழகிய ஆள் எடுக்கட்டும். ஐஸ் டப்பாவில் வை, ஆனால் ரத்தம் ஐஸைத் தொட வேண்டாம். ஒரே ஒரு பன்றியின் ரத்தம் போதாது. அதே வயதில் நன்றாகத் தீவனம் தின்கிற இரண்டின் ரத்தத்தையும் சேர்த்துக் கொடு. உன் கொட்டகைக்கு எது இயல்பு என்று தெரியும். குட்டிக்கும் பெரியதற்கும் அளவு மாறும், வயதைச் சீட்டில் எழுது.

இங்கே சம்பா நடவு முடிந்தது, வாய்க்காலில் தண்ணீர் தாராளம். மூட்டுவலி மட்டும் போகவில்லை. தை பிறந்ததும் பேரன் காதுகுத்து, குடும்பத்தோடு வந்துவிடு. அதற்குள் இரும்பு ஊசி கதையை எழுது.

உன்,
மச்சான்