2024–25 ஆண்டறிக்கை: டவர் இருக்கும் வீட்டில் வானிலை நிலையம்

மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களிலிருந்தும் வந்திருக்கும் நம் அமெச்சூர் வானொலி (ஹாம் ரேடியோ) சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான பணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு காலை நெட், அதாவது வானொலி வழியே நாம் கூடிப் பேசும் சந்திப்பு, ஆண்டு முழுவதும் நடந்தது. உரிமத் தேர்வு எழுதுவோருக்கான வகுப்புகள் தொடர்கின்றன. மோர்ஸ் பயிற்சிக்கு இன்னும் இருவர் பொறுப்பேற்றால் நல்லது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இந்த ஆண்டு சங்கம் அதிகக் கவனம் செலுத்தியது உறுப்பினர் வீடுகளில் வானிலை நிலையம் அமைக்கும் பணியில்தான். ஃபெங்கல் புயல் கரையைக் கடந்து வலுவிழந்த பிறகு நம் பக்கம் கொட்டிய மழை யாருக்கும் மறந்திருக்காது. 2024 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. அக்கம்பக்கத்து ஊர்கள் இரண்டுக்கும் 17 செ.மீ. வித்தியாசம். நடுவில் இருக்கும் கிராமங்களில் எவ்வளவு பெய்தது என்று சொல்ல அங்கே ஒரு மழைமானி வேண்டும். அந்த நேரத்தில் செல்போன் படுத்துவிட்டால் தகவலை வெளியே சொல்ல ஒரு வானொலி வேண்டும். இரண்டாவது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. முதலாவதையும் சேர்த்துக்கொள்வதே திட்டம்.

நம்மவர்கள் வீட்டில் ஆன்டெனா டவர் இருப்பது வசதி. ஆனால் தவறு நடப்பதும் அந்த வசதியால்தான். கடையில் கிடைக்கும் ஆல்-இன்-ஒன் கருவியில் காற்றுமானி, மழைமானி, வெப்பமானி எல்லாம் ஒரே உடம்பில் இருக்கும். அதை அப்படியே டவர் உச்சியில் மாட்டினால் காற்று மட்டும் ஓரளவு சரியாக வரும். மற்ற இரண்டும் கெட்டுப்போகும். எனவே சங்கத்தின் பரிந்துரை: காற்றுமானி தனியாகப் பிரிந்து வரும் மாடலையே வாங்குங்கள். காற்றுமானி மட்டும் டவரில் ஏறட்டும். மழைமானியும் வெப்பமானியும் தரையில், டவரை விட்டுத் தள்ளி நிற்கட்டும்.

மழைமானியை ஏன் டவரில் வைக்கக் கூடாது? உள்ளே இருப்பது ஒரு சின்னத் தராசு வாளி. 0.2 மி.மீ. மழைக்குரிய தண்ணீர் சேர்ந்ததும் ஒரு பக்கம் சாயும். அதிலுள்ள காந்தம் ரீட் சுவிட்சைக் (காந்தம் அருகில் வந்தால் மூடிக்கொள்ளும் சுவிட்ச்) கடக்கும். ஒரு எண்ணிக்கை ஏறும். டவர் காற்றில் அதிர்ந்தாலும், ஆன்டெனாவைத் திருப்பும் ரோட்டேட்டர் மோட்டார் சுழன்று நிற்கும்போது உலுக்கினாலும் பாதி நிரம்பிய வாளி தானே கவிழ்ந்துவிடும். உயரத்தில் காற்று வேகம் அதிகம் என்பதால் துளிகள் புனலுக்குள் விழாமல் தாண்டிப் போவதும் உண்டு. இது போதாதென்று யாகி ஆன்டெனாவின் கம்பிகளில் மைனாவும் காக்கையும் உட்கார்ந்து, எச்சத்தால் புனலின் ஓட்டையை அடைத்துவிடும். அடைத்த புனலில் மழை தேங்கி, நின்ற பிறகு மணிக்கணக்கில் சொட்டிக்கொண்டிருக்கும். வெயிலடிக்கும் மதியத்திலும் வீட்டுக்குள் அளவைக் காட்டும் கன்சோல் மழை காட்டும்.

தரையில் வைக்கும்போது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நடைமுறைப்படி மழைமானியின் வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். ஆடு, நாய் நடமாடும் முற்றத்தில் அது சாத்தியமில்லை என்றால் ஒன்றரை அங்குல ஜிஐ பைப்பை 45 செ.மீ. ஆழக் கான்கிரீட்டில் நட்டு, 1 மீட்டர் உயரத்தில் பொருத்தலாம். பைப்பைக் கையால் தள்ளிப் பார்த்தால் அசையக் கூடாது. அருகிலுள்ள சுவர், மரம் எதுவானாலும், மழைமானியின் வாய்க்கு மேல் அதன் உயரம் எவ்வளவோ அதைப் போல் இரண்டு மடங்கு தூரமாவது விலகியிருக்க வேண்டும். டவரை இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்டே ஒயருக்குக் கீழே வைக்கவே கூடாது. கம்பி வழியாக ஓடிவரும் மழைநீர் ஒரே இடத்தில் சொட்டும். அது புனலுக்குள் விழுந்தால் உங்கள் வீட்டில் மட்டும் பக்கத்துத் தெருவை விட அதிக மழை பெய்யும்.

வாங்கியதும் அளவைச் சரிபார்ப்பது கட்டாயம். புனல் வாயின் விட்டம் 16.5 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 214 சதுர செ.மீ.; 0.2 மி.மீ. மழைக்கு 4.28 மி.லி. தண்ணீர். 428 மி.லி. தண்ணீரை அடியில் ஊசித்துளை போட்ட பாட்டிலில் நிரப்பி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் சொட்டவிடுங்கள். 100 கவிழ்ப்புகள், அதாவது 20 மி.மீ. வர வேண்டும். 97 முதல் 103 வரை இருந்தால் விட்டுவிடலாம். அதற்கு வெளியே போனால் வாளிக்குக் கீழுள்ள திருகுகளைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். தண்ணீரை மடமடவென்று ஊற்றிச் சோதித்தால் கணக்கு குறைவாகவே வரும். வாளி சாயும் அந்தக் கணத்திலும் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும், அது எண்ணிக்கையில் சேராது. ஊத்தங்கரையில் பெய்தது போன்ற பேய்மழையில் இந்தக் குறைபாடு பெரிதாகும். அதனால் பக்கத்திலேயே ஒரு சாதாரண அளவுக்குடுவை மழைமானியும் வைத்துக்கொள்வது நல்லது.

வெப்பமானி தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், அடுக்குத் தட்டுக் கவசத்துக்குள், மண் தரைக்கு மேல் இருக்க வேண்டும். மொட்டை மாடி கடைசி வழி. சித்திரை வெயிலைக் குடித்த கான்கிரீட் விடிய விடிய அதைத் திருப்பி விடும். காலைக் குறைந்தபட்ச வெப்பநிலை உண்மையை விடக் கூடுதலாகவே வரும். வேறு இடமில்லாதவர்கள் மாடியிலேயே வைக்கலாம், ஆனால் நிலையக் குறிப்பில் அதை எழுதிவிடுங்கள்.

இனி டவரில் ஏறும் காற்றுமானி. திறந்த வெளியில் 10 மீட்டர் உயரம் என்பது உலக அளவு. டவர் உடலே காற்றை மறிக்கும் என்பதால் பக்கவாட்டில் ஒரு கை நீட்டி அதன் நுனியில் பொருத்த வேண்டும். கையின் நீளம் டவரின் பக்க அகலத்தைப் போல் மூன்று மடங்கு, 30 செ.மீ. அகல டவருக்கு 90 செ.மீ. அலுமினியக் குழாயை இரண்டு யூ போல்ட்டுகளால், ஒன்றுக்கொன்று குறைந்தது 20 செ.மீ. இடைவெளியில் பிடிக்க வேண்டும். ஒற்றை போல்ட் என்றால் ஆடி மாதக் காற்றில் கை திரும்பிவிடும்; திசைகாட்டி சொல்வதெல்லாம் அதன் பிறகு பொய். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து வருவதால் கையை மேற்குப் பக்கம் நீட்டுங்கள். வடகிழக்குப் பருவத்தில் டவரின் நிழல் விழுந்து வேகம் சற்றுக் குறைவாக வரும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

திசைகாட்டியை வடக்கு நோக்கி அமைக்கக் காந்த ஊசியை டவருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், இரும்பு அதை இழுத்துவிடும். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் நம் பகுதியில் 2 பாகைக்கும் குறைவு; அது பிரச்சினையே இல்லை. வரைபடத்தில் தூரத்து மலையுச்சியோ தண்ணீர்த் தொட்டியோ எந்தப் பாகையில் இருக்கிறது என்று பார்த்து, அதை நோக்கித் திருப்பி வைப்பது எளிது. உச்சிவேளை நிழலையும் பயன்படுத்தலாம். நம் தீர்க்கரேகையில் உச்சிவேளை சராசரியாக 12.17 மணிக்கு வருகிறது. மாதத்துக்கேற்ப கால்மணி வரை முன்பின் ஆகும். சூரியன் ஏறத்தாழ நேர் மேலே வரும் ஏப்ரல், ஆகஸ்ட் மாதங்களில் மட்டும் இந்த முறை உதவாது.

டவரில் ஏறுபவர் முழு உடல் பெல்ட், இரண்டு லான்யார்டு (பெல்ட்டை டவரோடு இணைக்கும் கயிறு), ஹெல்மெட் இல்லாமல் ஏறக் கூடாது. ஏறுவதற்கு முன் ரேடியோவின் மின் இணைப்பையே பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

ரேடியோவும் வானிலை நிலையமும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யும் விஷயத்துக்கு வருகிறேன். நம் சங்கத்துக்கே உரிய அறிவு இங்கேதான் தேவை. ஒயர் வழியாக இறங்கும் காற்றுமானி, மழைமானி இரண்டும் ரீட் சுவிட்சு வகைதான். 7 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 10 மீட்டரை ஒட்டி வரும். உங்கள் சென்சார் ஒயரும் 10 மீட்டர்தான்! 100 வாட்ஸில் பேசும்போது அந்த ஒயர் நல்ல ஆன்டெனாவாக வேலை செய்து, கன்சோலுக்குப் பொய்த் துடிப்புகளைக் கொண்டுவரும். மேகமே இல்லாத நாளில் 4 மி.மீ. மழை, அசையாத காற்றில் மணிக்கு 90 கி.மீ. சூறை என்று வந்தால் வானத்தைப் பார்க்காதீர்கள், மைக்கைப் பாருங்கள்.

இதற்குத் தீர்வு: கவசமுள்ள முறுக்கு ஜோடி ஒயர் போடுங்கள், கன்சோல் நுழையும் இடத்தில் ரேடியோ அலையை மறிக்கும் 2.4 அங்குல ஃபெரைட் வளையத்தில், 31ஆம் எண் கலவை கிடைத்தால் அதில், ஒயரை 10 முதல் 12 சுற்று சுற்றுங்கள். ஒயர் மேல் கிளிப் போல மாட்டும் ஃபெரைட் துண்டு ஒன்று, 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற எச்.எஃப். அலைவரிசைகளுக்குப் போதாது, மறிப்பு சுற்றின் எண்ணிக்கையின் வர்க்கத்தில் ஏறுகிறது, ஒரு சுற்று ஒன்றாகவே நிற்கும். கன்சோல் முனையில் ஒவ்வொரு சிக்னல் கம்பிக்கும் தரைக்கும் நடுவே 10 நானோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர், கால்களைக் குட்டையாக வெட்டி. பிறகு மழையில்லாத நாளில் ஒவ்வொரு பேண்டிலும் ஒரு நிமிடம் பேச்சில்லாத வெறும் அலையை (கேரியர்) விட்டு, எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள்.

ஒயர் இல்லாத கருவிகள் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசும். அதை 3ஆல் வகுத்தால் 144.64, நம் 2 மீட்டர் பேண்டுக்குள்ளேயே வருகிறது. அந்த அலைவரிசையில் பேசும்போது கூடவே எழும் அதன் மூன்று மடங்கு அலை (மூன்றாம் ஹார்மோனிக்) நேராகக் கன்சோல் மேல் விழும். சரியாக அங்கே விழாவிட்டாலும் மலிவான ரிசீவரின் வாசல் அகலம், பக்கத்து மேசையிலிருந்து வரும் பலத்த சிக்னல் அதைச் செவிடாக்கிவிடும். நீண்ட நேரம் பேசும் நெட்டில் கன்சோல் எண்களுக்குப் பதில் வெறும் கோடுகளாகக் காட்டுவது இதனால். மழை மொத்தம் பெரும்பாலான மாடல்களில் தொலையாது, ஏனென்றால் சென்சார் கூட்டுத்தொகையை அனுப்புகிறது. ஆனால் இடையில் வந்த அதிகபட்சக் காற்று போனது போனதுதான். டிரான்ஸ்மிட்டரின் வெளியீட்டில் மேல் அலைகளைத் தடுக்கும் லோ-பாஸ் ஃபில்டர் போட்டு, கன்சோலை வேறு அறைக்கு மாற்றுங்கள். எதிர்த் திசையிலும் ஒரு தொல்லை: கன்சோலோடு வரும் சிறிய அடாப்டர் 7 மெகாஹெர்ட்ஸில் இரைச்சல் எழுப்பும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய வகை அடாப்டருக்கு மாறினால் தீர்ந்துவிடும்.

இடி. எந்தச் சென்சாரும் டவரின் மிக உயர்ந்த பொருளாக இருக்கக் கூடாது. இடிதாங்கி ஊசி அதற்கு மேல் நிற்க வேண்டும். புயல் வந்தால் ஆன்டெனாவிலிருந்து வரும் கோ-ஆக்ஸ் கேபிளைக் கழற்றி வைக்கிறோம். வானிலை நிலையத்தை அப்படிக் கழற்ற முடியாது, அது வேலை செய்ய வேண்டியதே அப்போதுதான். ஆகவே டவரிலிருந்து வீட்டுக்குள் செம்புக் கம்பி வராத, ஒயர் இல்லாத காற்றுமானியே என் முதல் பரிந்துரை. மேலே சொன்ன ரேடியோ தொந்தரவைச் சமாளிப்பது இடியைச் சமாளிப்பதை விட எளிது. டவர் எர்த், வீட்டு எர்த் இரண்டையும் 16 சதுர மி.மீ. செம்புக் கம்பியால் இணைத்தே ஆக வேண்டும். தனித்தனியாக விட்டால் இடி விழும் நொடியில் இரண்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி, நடுவில் மாட்டிய கருவி கருகும். நம் பகுதியில் பல இடங்களில் சில அடியிலேயே பாறை தட்டும். 3 மீட்டர் எர்த் கம்பி இறங்காது. அங்கே 60 செ.மீ. ஆழத்தில் பட்டையைப் பல திசைகளில் கிடையாகப் புதைத்து, ஈரம் காக்கும் பென்டோனைட் களிமண் போட்டு மூடுங்கள். 10 ஓம்ஸுக்குக் கீழே வருகிறதா என்று மே மாதத்தில் அளந்து பாருங்கள். மழைக்காலத்தில் எல்லா எர்த்தும் நன்றாகத்தான் இருக்கும்.

அழுத்தமானிக்கு ஒரு வரி. தருமபுரி கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 470 மீட்டர். நேரடி அளவுக்கும் கடல்மட்ட அளவுக்கும் 50 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் வித்தியாசம். ஓசூரில் அது 100ஐ நெருங்கும். வீட்டின் உயரத்தைக் கன்சோலில் பதியாமல், இடமும் வானிலையும் வரைபடத்தில் காட்டும் அமெச்சூர் வானொலி வலையமைப்பான ஏபிஆர்எஸ்ஸில் அனுப்பினால் வரைபடத்தில் உங்கள் வீட்டுக்கு மேல் எப்போதும் புயல் நிற்கும். ஏபிஆர்எஸ் செய்தியில் வெப்பம் ஃபாரன்ஹீட்டிலும், காற்று வேகம் மணிக்கு மைலிலும், மழை அங்குலத்தின் நூறில் ஒரு பங்கிலும் போக வேண்டும். ஈரப்பதம் 100 சதவீதம் என்றால் 00 என்று எழுத வேண்டும்.

மழை அளவைச் சங்கத்துக்கு அனுப்பும்போது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரையிலான தொகையைத் தாருங்கள். வானிலைத் துறையின் கணக்கு அப்படித்தான். கன்சோல் நள்ளிரவில் நாளை மாற்றிவிடும். அதைத் துறையின் எண்ணோடு ஒப்பிட்டால் ஒரே இரவு மழை இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

வரும் ஆண்டுக்குப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்காக வைக்கும் தீர்மானங்கள்: அரூர், பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் இடம் தர முன்வரும் உறுப்பினர் வீடுகளில் நிலையம் அமைக்கச் சங்கம் ஃபெரைட் வளையமும் எர்த் அளவுமானியும் இரவல் தரும்; வடகிழக்குப் பருவத்துக்கு முன் செப்டம்பரில் எல்லா மழைமானிகளையும் சுத்தம் செய்து சரிபார்க்க வேண்டும்; புயல் எச்சரிக்கை நாட்களில் காலை 8.30 மழை அளவை 8.45 மணி நெட்டில் வாசிக்க வேண்டும்.

இங்ஙனம்,
செயலாளர்