ஐஸ்பெட்டித் தவணையும் வீட்டுக் கடனும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருப்பவள். வயது 54. வீட்டில் மாவு அரைத்து, பாக்கெட் போட்டு, பட்டணத்தில் இரண்டு மளிகைக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். என் வீட்டுக்காரர் இதே தோட்டத்தில் 31 வருடமாக வேலை செய்கிறார். இப்போது அவருக்கு 58 வயது. 60இல் ஓய்வு. ஓய்வு பெற்றதும் தோட்டத்து வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு குடும்பம் போன வருடம் அப்படித்தான் போனது. பெட்டி படுக்கை, சாமிப் படம், கோழிக்கூடு எல்லாவற்றையும் ஒரே லோரியில் ஏற்றிக்கொண்டு ஈப்போவில் மகளின் வாடகை வீட்டுக்குப் போனார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் பட்டணத்தில் ஒரு பழைய ஒற்றை மாடி வீடு விலைக்கு வந்ததும் என் மகன் வங்கிக்குப் போனான். விலை 1,60,000 வெள்ளி (ரிங்கிட்). மகனுக்கு 29 வயது, தொழிற்சாலை வேலை. அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி. ஓவர்டைம் சேர்ந்து, சேமநிதி, சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி எல்லாம் பிடித்தது போகக் கையில் சராசரியாக 1,950 வெள்ளி வரும். 90 விழுக்காடு கடன், 35 வருடம், வட்டி நாலு விழுக்காடு என்று கணக்குப் போட்டால் மாதம் ஏறக்குறைய 640 வெள்ளி. முன்பணம் 16,000 வெள்ளிக்குச் சேமநிதியில் மகனுக்கு இருக்கும் பணத்தையும் என் மாவுக் காசையும் நம்பியிருந்தோம். கஷ்டப்பட்டால் முடியும் என்றுதான் நினைத்தோம்.

நானும் கூடப் போயிருந்தேன். வங்கியில் இருந்த பெண் நல்ல மாதிரி. கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். மோட்டார் சைக்கிள் தவணை 260. கைப்பேசி 95. ஐஸ்பெட்டி 69. துணி துவைக்கும் மெஷின் 65. மொத்தம் 489 வெள்ளி. வீட்டுத் தவணையையும் சேர்த்தால் சம்பளத்தில் பாதிக்கு மேல் கடனுக்கே போய்விடும் என்றார். அதுகூடப் பரவாயில்லை. ஐஸ்பெட்டிக் கணக்கில் மூன்று மாதம் பணம் கட்டாமல் இருந்தது அந்தத் திரையில் தெரிந்தது. கடன் கிடைக்கவில்லை.

அந்த மூன்று மாதத்துக்குக் காரணம் நான்தான்.

ஐஸ்பெட்டியைப் பட்டணத்தில் ஒரு கடையில் என் விருப்பத்துக்குத்தான் வாங்கினோம். எனக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, அதனால் மகன் பெயரில் கையெழுத்து. ரொக்க விலை 1,299 வெள்ளி. கடைக்காரர் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தது மாதம் 69 என்பதை மட்டும். 36 மாதம் கட்டினால் 2,484 வெள்ளி என்று நான் பெருக்கிப் பார்த்தது, வாங்கி ஏழு மாதம் கழித்து, மாவுக் கணக்கு எழுதும் நோட்டில். கூடக் கொடுப்பது மட்டும் 1,185 வெள்ளி. அந்தக் காசுக்கு இன்னொரு ஐஸ்பெட்டியே கிட்டத்தட்ட வந்துவிடும். அப்புறம் அது குளிரவில்லை. மாவு புளித்துப் பொங்கி வழிந்தது. கடைக்கு நாலு தடவை போன் போட்டேன், நேரிலும் போனேன். இன்றைக்கு ஆள் வரும், நாளைக்கு வரும் என்றார்கள். வரவே இல்லை. சரி, நீங்கள் வந்து பார்க்கும்வரை நானும் காசு கட்ட மாட்டேன் என்று ஆத்திரத்தில் விட்டுவிட்டேன். மகனிடமும் சொல்லவில்லை. கடைக்காரரோடு சண்டை போடுவதாக நினைத்துக்கொண்டு என் பிள்ளையின் பெயரைக் கெடுத்திருக்கிறேன். பணம் கொடுப்பது கடையில்லை, கடைக்குப் பின்னால் இருக்கும் கடன் நிறுவனம். பொருள் பழுதானாலும் தவணை தவணைதான் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஆசிரியர் அவர்களே, இதை வெட்கப்படாமல் எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் லயத்தில் மட்டும் இப்படி ஆறேழு வீடு இருக்கிறது. வீடு வாங்கப் போய் வெறுங்கையோடு வந்த பிள்ளைகளைக் கேட்டால், சம்பளம் பத்தவில்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். உட்கார வைத்துக் கேட்டால் டிவி, சோபா செட், கைப்பேசி என்று வரும். சம்பளம் குறைவுதான், அதை நான் மறுக்கவில்லை. குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் 900 வெள்ளியாக வந்தது, 2022இல் 1,500 ஆனது, 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது. ஆனால் சம்பளம் ஏறும்போதெல்லாம் ஏறிய காசு நம் கைக்கு வருவதற்கு முன்பே ஒரு தவணைச் சீட்டு வாசலில் வந்து நிற்கிறது.

பழுதான ஐஸ்பெட்டியைக் கடைசியில் பட்டணத்து ரிப்பேர்காரர் ஒருவர் வந்து பார்த்தார். ஒரு வெள்ளி நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடச் சொன்னார். இழுத்துப் பார்த்தால் வெண்ணெயில் கத்தி போல வந்துவிட்டது. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் ஒரு மூலையில் சுருண்டு போயிருந்தது. அந்த வழியாகக் குளிர் வெளியே போக, மோட்டார் இராப்பகலாக ஓடியிருக்கிறது. புது ரப்பருக்குக் கூலியோடு 80 வெள்ளி. ஒரு மணி நேர வேலை. இதற்காகவா மூன்று மாதம் சண்டை போட்டேன் என்று அவர் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த மாதத்திலிருந்து கரண்ட் பில்லைப் படிக்கப் பழகினேன். அதுவரை கீழே இருக்கும் மொத்தத்தை மட்டும் பார்த்துக் கட்டுவேன். 2025 ஜூலையிலிருந்து பில் மாறிவிட்டது. யூனிட்டுக்கு 44.43 காசு என்று போட்டு, பிறகு குறைவாகப் பயன்படுத்துகிறவர்களுக்குத் தள்ளுபடி கழிக்கிறார்கள். 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 காசு கழியும். யூனிட் கூடக்கூடத் தள்ளுபடி குறையும், 1,000 தாண்டினால் ஒன்றுமே இல்லை. கூடுதலாக ஓடும் யூனிட்டுக்கு மட்டுமல்ல, மொத்த யூனிட்டுக்கும் தள்ளுபடி குறைகிறது, அதுதான் கவனிக்க வேண்டியது. ரப்பர் மாற்றி, சோற்றுப் பானையை நாள் முழுக்கச் சூட்டில் வைக்கும் பழக்கத்தையும் விட்டதில் எங்கள் வீட்டில் 320 யூனிட் 270 ஆனது. பில் 76 வெள்ளியிலிருந்து 59க்கு வந்தது. மாதம் 17 வெள்ளி. ஒரு சமையல் வாயு தோம்பு (சிலிண்டர்) 26 வெள்ளி 60 காசு விற்கிற ஊரில் எனக்கு அது சின்னக் காசு இல்லை.

என் அப்பா இதே வட்டாரத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் ஊர்க்காரரும் அப்போதைய ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத்து ஜனங்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்துத் தோட்டங்களை வாங்கினார்கள். அந்தப் பத்து வெள்ளியைப் பற்றி அப்பா சாகும்வரை பேசினார். படிக்காத மனிதர், கைநாட்டு. ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம், மொத்தம் எவ்வளவு கொடுக்க வேண்டும், கொடுத்து முடித்தால் கையில் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மூன்றாம் படிவம் வரை படித்த எனக்கு அது தெரியவில்லை.

எங்கள் ஊர்க் கோயில் நிர்வாகங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் ஒரு காரியம் செய்ய வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம். நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை அமைப்பை ஏற்படுத்தியது. ஆலோசனைக்குக் காசு கிடையாது. ஆனால் எங்கள் தோட்டத்தில் அதன் பெயரைக் கேள்விப்பட்டவர் யாருமில்லை. என் மகனுக்கே வங்கிப் பெண் சொல்லித்தான் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்துக்கு அவர்களை அழைத்து, தமிழில் பேசும் ஒருவரை வைத்து எங்கள் சந்தேகங்களைக் கேட்க விடுங்கள். சம்பளச் சீட்டு இல்லாத என்னைப் போன்றவர்களுக்கும் வீட்டுக் கடன் கிடைக்க அரசாங்க உத்தரவாதத் திட்டம் இருக்கிறது, எஸ்.ஜே.கே.பி. என்று பெயர். நாசி லெமாக் விற்கும் பெண்களும் லோரி ஓட்டுகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மதிய உணவுக்கு நான் இட்லி மாவு தருகிறேன், அது என் பொறுப்பு.

கடைக்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். மாதத் தவணை எழுதும் அதே அளவு எழுத்தில் கட்டி முடிக்கும் மொத்தத் தொகையையும் எழுதிப் போடுங்கள். நாங்கள் வாங்காமல் போய்விட மாட்டோம். தெரிந்து வாங்குவோம்.

தோட்ட நிர்வாகங்கள் 50 வயதைத் தாண்டிய தொழிலாளர்களைக் கூப்பிட்டு, வீட்டை எந்த வருடம் காலி செய்ய வேண்டியிருக்கும், அதுவரை என்ன செய்யலாம் என்று பேசினால் பெரிய உதவி. கடைசி மூன்று மாதத்தில் கடிதம் கொடுப்பதால் யாருக்கு என்ன லாபம்?

எங்கள் நிலைமை இப்போது இதுதான். ஐஸ்பெட்டிப் பாக்கி முழுவதையும் கட்டிவிட்டோம். என் தாலிக்கொடியோடு இருந்த சின்ன வளையல் ஜோடி அதற்குப் போனது. துணி மெஷின் தவணை வரும் தீபாவளிக்குள் முடிகிறது. பேங்க் நெகாராவின் கடன் பதிவில் கடைசி 12 மாதம்தான் காட்டும் என்பதால், அது சுத்தமாகும்வரை காத்திருந்து மறுபடியும் விண்ணப்பம் போடச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் பார்த்த வீட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். மாவு போடப் போகும்போது அந்த வழியாகத்தான் போகிறேன். வாசலில் முருங்கை நட்டிருக்கிறார்கள்.

மண்டபத்துக்கு ஏற்பாடு செய்ய முன்வருகிறவர்கள் உங்கள் பத்திரிகை வழியாகத் தெரிவித்தால், எங்கள் தோட்டத்திலிருந்து 40 பேரையாவது நான் கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
மாவு அரைக்கும் ஒரு தாய்,
சுங்கை சிப்புட், பேராக்.