கோரா (சாயம் ஏற்றாத) காட்டன் கயிறு 12 ரோல்: பணத்தைத் திருப்பித் தரக் கோரி நான்காவது கடிதம்

பழனி,
02.04.2025

வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இதற்கு முன் மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றுக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே வரிதான் வந்தது. போன் 11 முறை செய்தேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். இனிச் சொல்லத் தெம்பில்லை. அதனால் இதை எழுதிப் பதிவுத் தபாலிலும் அனுப்புகிறேன். தயவுசெய்து உங்களில் ஒருவராவது கடைசி வரை படியுங்கள்.

பிப்ரவரி 20 அன்று உங்களிடம் பச்சை லேபிள் கோரா 3 எம்.எம். கயிறு 12 ரோல் வாங்கினேன். ரோல் 430 ரூபாய், கூரியர் 380, மொத்தம் 5,540 ரூபாய். லேபிளில் இருப்பது உங்களுக்கே தெரியும்: ஒற்றைப்புரி (ஒரே திரியாக முறுக்கியது), 100 சதவீதம் காட்டன், 200 மீட்டர். இந்த மூன்றில் ஒன்றுகூட உண்மை இல்லை.

நான் ஐந்து வருடமாக வீட்டில் மேக்ரமே, அதாவது கயிறில் முடிச்சு போட்டே செய்யும் சுவர்த் தொங்கல் செய்து விற்கிறேன். கொடைக்கானலில் விருந்தினர் விடுதி நடத்தும் ஒரு குடும்பம் 8 அறைக்கு 8 தொங்கல் கேட்டிருந்தார்கள். ஒன்று 2,800 ரூபாய். சீசன் தொடங்கும் முன், மார்ச் 31-க்குள் கொடுக்க வேண்டும். சுத்தமான பருத்தியாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை. மற்றதை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். அந்த நம்பிக்கையைத்தான் நீங்கள் கெடுத்தீர்கள்.

3 அடி தொங்கலுக்கு ஒவ்வொரு கயிறையும் 24 அடிக்கு வெட்டுவேன். இரண்டாக மடித்துக் கட்டையில் மாட்டினால் 12 அடி தொங்கும், முடிச்சு போடப்போட அது கால்பங்காகச் சுருங்கிவிடும். ஒரு தொங்கலுக்கு 40 துண்டு, அதாவது 293 மீட்டர். எட்டுக்கு 2,340 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதனால்தான் 12 ரோல். கயிறு விற்கும் உங்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

200 மீட்டர் ரோலில் 24 அடித் துண்டு 27 வர வேண்டும். எனக்கு ஒவ்வொரு ரோலிலும் 24-தான் வந்தது. முதல் ரோலில் நான்தான் தவறாக அளந்துவிட்டேன் என்று நினைத்தேன். மூன்றாவது ரோலிலும் அதே 24 வந்தபோது சந்தேகம் வந்தது. பிரிக்காமல் வைத்திருந்ததில் மூன்று ரோலை எடுத்து, திண்ணையில் சரியாக 2 மீட்டர் தூரத்தில் இரண்டு ஆணி அடித்துச் சுற்றி அளந்தேன். 176, 179, 181. வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். 12 ரோலுக்கும் சேர்த்தால் ஏறக்குறைய 250 மீட்டர் குறைகிறது. ஒரு முழுத் தொங்கலுக்கான கயிறே கிட்டத்தட்டப் போய்விட்டது.

சரி, அளவு குறைந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். இன்னொரு ரோல் வாங்கிச் சமாளித்திருப்பேன்.

முதல் தொங்கலை முடிக்க 9 மணி நேரம் ஆனது. மேலே சதுர முடிச்சு, நடுவில் இலை மாதிரி டபுள் ஹாஃப் ஹிட்ச் முடிச்சு வரிசை, கீழே ஒரு அடிக்குக் குஞ்சம். வரிசை போடும்போதே கயிறு வழுக்கியது. இறுக்கிய முடிச்சு சிறிது நேரத்தில் தளர்ந்து கோடு நெளிந்தது. என் கை இன்று சரியில்லை போல என்று அவிழ்த்து மறுபடி போட்டேன். கடைசியில் குஞ்சத்தைச் சீவ உட்கார்ந்தேன். ஒற்றைப்புரிக் கயிறு என்றால் கம்பிச் சீப்பு போட்டதும் பஞ்சு மாதிரி விரிய வேண்டும். போன தீபாவளிக்கு உங்களிடம் வாங்கிய கயிறு அப்படித்தான் விரிந்தது. இது விரியவே இல்லை. முறுக்கைப் பிரித்துப் பார்த்தால் மூன்று புரி, ஒவ்வொரு புரிக்குள்ளும் மெல்லிசாக, பளபளவென்று ஒரு இழை.

அடுப்படியில் வைத்துக் கொளுத்திப் பார்த்தேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். இது சுருங்கி உருகி, பிளாஸ்டிக் நாற்றத்தோடு கறுப்பு மணியாகக் கெட்டித்தது. அப்புறம் குஞ்சத்தின் நுனிக்குச் சாயம் ஏற்றுவதற்காகக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து டீ டிகாஷனில் முக்கினேன். வெளிப்பஞ்சு பழுப்பு ஏறியது, உள்ளே இருந்த இழை வெள்ளையாகவே நின்றது. இதற்கு மேல் என்ன சோதனை வேண்டும்? லேப் ரிப்போர்ட் கேட்கிறீர்கள். ஒரு லேபிளில் 100 சதவீதம் என்று அச்சடித்தவர் நீங்கள், ரிப்போர்ட் வைத்திருக்க வேண்டியவரும் நீங்கள்தான்.

திருப்பூர் பனியன் வெட்டுத்துண்டுகளிலிருந்து மறுபடி நூற்ற நூலில் கயிறு திரிப்பது எனக்கும் தெரியும். அதில் பாலியெஸ்டர் கலந்து வரும். அதை அப்படியே சொல்லி, அதற்குரிய விலையில் விற்றால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. பைக்கும் செடித் தொட்டிக்கும் அந்தக் கயிறை நானே வாங்குவேன். ஆனால் எந்த மெஷினில், எந்த நூலில் இந்த லாட் ஓடியது என்று உங்களுக்குத் தெரியாதா? தெரிந்துதானே பச்சை லேபிள் ஒட்டினீர்கள்?

நேரத்தை மிச்சப்படுத்த, நான்கு தொங்கலுக்கான 160 துண்டையும் ஒரே மூச்சில் வெட்டி வைத்திருந்தேன். இப்போது உங்கள் ஆட்கள் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்வது: "வெட்டிய பொருளை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்." வெட்டாமல் கயிறுக்குள் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? முடிச்சு போடாமல் வழுக்குவது எப்படித் தெரியும்? குஞ்சத்தைச் சீவாமல் புரி எத்தனை என்று எப்படித் தெரியும்? குறையைக் கண்டுபிடிக்க ஒரே வழி வெட்டுவது. வெட்டியதாலேயே குறையைச் சொல்லும் உரிமை போய்விடும் என்றால், உங்கள் கயிறைப் பற்றி யாருமே எப்போதுமே புகார் செய்ய முடியாது. இதை ஒரு விதி என்று எழுதி வைத்திருக்கிறீர்கள்.

மார்ச் 5 அன்று மதியம் என்னிடம் பேசியவரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. பெயர் சொல்ல மறுத்தார். உங்களிடம் ரெக்கார்டிங் இருக்கும், எடுத்துக் கேளுங்கள். 22 நிமிடம் காத்திருக்க வைத்த பிறகு வந்து, "மேடம், செவுத்துல தொங்கப்போற கயிறுதானே, யாரு வந்து கொளுத்திப் பாக்கப் போறாங்க?" என்றார். நான் ஆர்டரைப் பற்றிச் சொன்னேன். "வீட்ல டைம்பாஸுக்குப் பண்றதுக்கு எதுக்கு மேடம் இவ்ளோ டென்ஷன்?" என்றார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே லைனைத் துண்டித்தார்.

டைம்பாஸ். சமையல் முடித்து, பெண்ணை பிளஸ் டூ தேர்வுக்கு அனுப்பிவிட்டு, சன்னல் கம்பியில் கட்டையை மாட்டி, நின்றபடியே மாலை வரை முடிச்சு போடுகிறேன். ஆள்காட்டி விரல் காய்ப்புக் காய்ச்சியிருக்கிறது. பெண்ணின் டியூஷன் கட்டணம் இந்தக் கயிறிலிருந்துதான் வருகிறது. என் பாட்டி வீட்டு உறியும் முடிச்சு போட்டுக் கட்டியதுதான். அதில்தான் மோர்ப்பானை தொங்கும். கயிறு சரியில்லை என்றால் பானை தரையில். பாட்டி அதை டைம்பாஸுக்குக் கட்டவில்லை, நானும் டைம்பாஸுக்குக் கட்டவில்லை. போனில் அப்படிச் சொன்னவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பணத்தைவிட எனக்கு இது முக்கியம்.

சனிக்கிழமை நடந்ததையும் சொல்ல வேண்டும். மார்ச் 6 அன்று பேசிய பெண், "சரக்கை நேரா கோவை குடோனுக்குக் கொண்டு வாங்க, பாத்துட்டு உடனே மாத்திக் குடுப்பாங்க, சனிக்கிழமை வாங்க" என்று தெளிவாகச் சொன்னார். நம்பினேன். 8-ஆம் தேதி விடியற்காலை 5.30 பஸ். பிரிக்காத 5 ரோல், வெட்டிய கட்டு, முடித்த தொங்கல், எல்லாம் சேர்த்துப் பத்து கிலோவுக்கு மேல். உடுமலை, பொள்ளாச்சி வழியாக உக்கடம். அங்கிருந்து காந்திபுரம். அங்கிருந்து நீலம்பூர் பக்கம். இறங்கி ஒன்றரைக் கிலோமீட்டர் வெயிலில் நடை. கேட் பூட்டியிருந்தது. "இன்னைக்கு ரெண்டாவது சனிக்கிழமைம்மா, ஆபீஸ் லீவு. தொறந்திருந்தாலும் இங்க ரிட்டர்ன் எடுக்கறதில்ல, டெஸ்பாட்ச் மட்டுந்தான்" என்றார் காவலாளி. அவர்தான் உங்கள் நிறுவனத்திலேயே எனக்கு உண்மையைச் சொன்ன முதல் ஆள். குடிக்கத் தண்ணீர் கொடுத்து, நிழலில் நாற்காலி போட்டார். அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

கேட்டுக்கு வெளியே நின்று உங்கள் எண்ணுக்கு அழைத்தேன். "வேலை நாட்களில் தொடர்பு கொள்ளவும்" என்று பதிவுசெய்த குரல் பேசியது. வீடு திரும்ப இரவு 7.30. மறுநாள் முழுக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். பெண்ணுக்குத் தேர்வு நேரம், சமைத்துப் போடக்கூட முடியவில்லை. இதற்கெல்லாம் யார் பில் போடுவது?

நியாயமாகச் சொல்ல வேண்டும், உங்களிடம் நல்லவர்களும் இருக்கிறார்கள். சாட்டில் பதில் எழுதிய ஒருவர் புகைப்படங்களைப் பார்த்துவிட்டு, "உங்கள் வருத்தம் புரிகிறது, மேலே அனுப்புகிறேன்" என்று பொறுமையாக எழுதினார். மேலே இருப்பவர்தான் எனக்கு இப்படிப் பதில் சொன்னார்: "நீங்க விக்கறதுக்காக வாங்கறீங்க, அதனால நீங்க நுகர்வோரே இல்ல."

ஐயா, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ஐ எடுத்துப் படித்துவிட்டேன். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கும் பொருள் வணிக நோக்கத்துக்கு வாங்கியதாகாது என்று அதன் 2-ஆம் பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது. நான் நுகர்வோர்தான். ஆன்லைன் வியாபாரத்துக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் குறைதீர்ப்பு அலுவலர் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். என் முதல் மின்னஞ்சல் மார்ச் 3. இன்று ஏப்ரல் 2.

சண்டை போடுவது என் குணமில்லை. பேசித் தீர்த்துக்கொள்ளவே விரும்புகிறேன். ஆனால் இந்தக் கடிதம் கிடைத்து 7 நாளில் பதில் வராவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைப்பேன். அடுத்து திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நான் கோவைக்கு அலைய வேண்டியதில்லை, நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. 200 மீட்டர் என்று அச்சடித்து 176 மீட்டர் கொடுத்தது தனிக் குற்றம். சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் தொழிலாளர் துறைக்குத் தனியாக எழுதுவேன். லேபிள், ரோல், ஆணி அடித்த திண்ணை, எல்லாம் அப்படியே இருக்கின்றன.

என் நஷ்டம் என்னவென்று கேட்டீர்கள். கயிறு 5,540. கொடைக்கானல் ஆர்டர் 22,400, அது போய்விட்டது. மார்ச் 25 அன்று அவர்களே போன் செய்து, "பரவாயில்லைங்க, வேற இடத்துல பாத்துக்கறோம்" என்றார்கள். கோவை போய்வந்த செலவு 460. அந்த விடுதிக்கு வருகிறவர்கள் என் தொங்கலைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டிருப்பார்கள். அந்த ஆர்டர்களும் போயின, ஐந்து வருடத்தில் சேர்த்த பெயரும் போனது. ஒரு லட்சத்துக்குக் குறைவாக இதை மதிப்பிட என்னால் முடியவில்லை. ஆணையத்துக்குப் போனால் அந்தத் தொகையைத்தான் கேட்பேன்.

இப்போது, உங்களிடம் நேரடியாகக் கேட்பது அவ்வளவு இல்லை. 5,540 ரூபாயையும் பயணச் செலவு 460-ஐயும் திருப்பிக் கொடுங்கள். வெட்டியது வெட்டாதது எல்லாவற்றையும் உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு போங்கள், இந்தக் கயிறை நான் வேறு யார் தலையிலும் கட்ட மாட்டேன். இந்த லாட்டை வாங்கிய மற்றவர்களுக்கும் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். அவர்களும் என்னைப் போல 9 மணி நேரம் நின்ற பிறகு தெரிந்துகொள்ள வேண்டாம். அப்புறம், மார்ச் 5 மதியம் பேசியவர் எனக்கு அழைக்க வேண்டும். அந்த வார்த்தையை அவர் வாயாலேயே திரும்பப் பெற வேண்டும்.

தயவுசெய்து கவனிக்கவும். நன்றி.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், பழனி

இணைப்பு: பில், லேபிள் படம், அளந்த வீடியோ, எரித்த கயிறு ஒரு உறையில்.

பி.கு.: கயிறை எடுத்துப்போக ஆள் அனுப்பினால் காலை 11 மணிக்கு மேல் அனுப்புங்கள். முந்தின நாளே போன் செய்துவிட்டு வரட்டும்.