மூச்சுப் பரிசோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒருமுறை ஊதினால் போதும், பெருங்குடல் புற்றுநோய் தெரிந்துவிடும் என்ற செய்தி அவ்வப்போது நாளிதழ்களிலும் வாட்ஸ்அப்பிலும் வலம் வருகிறது. அதை நம்பி, மருத்துவர் எழுதிக்கொடுத்த மலப் பரிசோதனையையும், கேமரா பொருத்திய குழாயைக் குடலுக்குள் செலுத்திப் பார்க்கும் கொலனோஸ்கோபியையும் "அது வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கடிதம் அவர்களுக்காக. ஆய்வு உண்மையானது, நல்ல நம்பிக்கை தருவது. ஆனால் இன்றைக்குக் காசு கொடுத்து எடுத்துக்கொள்ளும் நிலைக்கு அது வரவில்லை.

நாம் விடும் மூச்சில் நைட்ரஜன், ஆக்சிஜன், கரியமில வாயு, நீராவி போக, நூறு கோடியில் சில பங்கு என்ற அளவில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் பல இருக்கின்றன. 1971-லேயே வேதியியலாளர் லைனஸ் பாலிங்கின் குழு மூச்சில் சுமார் 250 பொருள்களைக் காட்டியது. புற்றுத் திசுவில் செல் சவ்வின் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தால் சிதையும்போது ஆல்டிஹைடு, ஹைட்ரோகார்பன் போன்றவை உண்டாகின்றன. குடலில் வாழும் பாக்டீரியாக்களின் கலவையும் மாறுகிறது. இந்தப் பொருள்கள் ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கு வந்து மூச்சில் வெளியேறும் என்பதுதான் அடிப்படை. சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. பெருங்குடலிலிருந்து திரும்பும் ரத்தத்தில் பெரும்பகுதி முதலில் கல்லீரலுக்குள் போகிறது. அங்கே உடைபட்டது போக மிஞ்சியதுதான் மூச்சுக்கு வருகிறது.

வயிற்று மருத்துவமனைகளில் ஏற்கெனவே ஒரு மூச்சுப் பரிசோதனை இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அது ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கானது, புற்றைக் காட்டாது. கார்பன்-13 சேர்த்த யூரியாவை விழுங்கச் செய்கிறார்கள். கிருமி இருந்தால் யூரியாவை உடைக்கும். அதே கார்பன் கரியமில வாயுவாக மூச்சில் வரும். எதைக் கொடுத்தோம், எதைத் தேடுகிறோம் என்பது தெளிவாகத் தெரிவதால் அது நம்பகமாக வேலை செய்கிறது. குடல் புற்றில் நாம் எதையும் கொடுப்பதில்லை. எந்தப் பொருளைத் தேடுவது என்பதிலேயே ஆய்வுகள் ஒன்றுபடவில்லை. இத்தாலியின் பாரி நகர ஆய்வாளர்கள் 2013-ல் 15 சேர்மங்களின் தொகுப்பைச் சொன்னார்கள். 2019-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆய்வு புரோப்பனால் (propanal) என்ற ஆல்டிஹைடை முன்னிறுத்தியது. 2011-ல் ஜப்பானில் பழக்கப்பட்ட ஒரு லாப்ரடார் நாய் நோயாளிகளின் மூச்சு மாதிரியைப் பெரும்பாலும் சரியாகவே பிரித்தது. ஏதோ ஒரு வாசனை இருக்கிறது என்பதற்கு அது சான்று. எந்த வாசனை என்பதை நாய் சொல்லாது.

மாதிரி எடுப்பதுதான் இதில் மிகக் கடினமான வேலை. நோயாளி முந்தைய இரவிலிருந்து தண்ணீர் தவிர எதுவும் எடுக்கக் கூடாது. ஆனால் நெடுநேரப் பட்டினி மூச்சில் அசிட்டோனை ஏற்றிவிடும் என்பதால் பட்டினி நேரம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பல் துலக்கிய பேஸ்டின் மெந்தால் வரும். பீடி, சிகரெட் பிடித்தவரிடம் பென்சீனும் அசிட்டோநைட்ரைலும் வரும். மாடி ஏறி வந்தவர் உடனே ஊதினால் ஐசோப்ரீன் அளவு மாறிவிடும். அதனால் பத்து, பதினைந்து நிமிடமாவது அதே அறையில் உட்கார வைக்க வேண்டும். ஊதும்போது முதலில் வரும் சுமார் 150 மில்லி மூச்சுக்குழாயில் தங்கிய காற்று, அதில் பயனில்லை. கடைசியில் வரும் ஆழ்ந்த மூச்சில் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை, டெனாக்ஸ் என்ற பாலிமர் தூள் அடைத்த எஃகுக் குழாய் வழியாக இழுத்து, இருபுறமும் மூடியைத் திருகுவார்கள். ஆய்வகத்தில் அந்தக் குழாயை 280 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, வெளிவரும் ஆவியை கேஸ் குரோமட்டோகிராஃப், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவிகள் வழியாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

இதில் எங்கும் பிசகலாம். மூச்சு ஈரமானது, நீர் குழாயில் படிந்தால் அளவீடு கெடும். குழாய்க்குப் பதில் டெட்லார் என்ற பிளாஸ்டிக் பையில் பிடித்தால், பையே பீனாலைக் கசியவிடும்; உள்ளே இருப்பதும் மணிக்கணக்கில் குறைந்துகொண்டே வரும். வார்டில் கைக்குத் தேய்க்கும் சானிட்டைசரிலிருந்து வரும் ஐசோபுரொபைல் ஆல்கஹால், நாம் தேடும் பொருளைவிடப் பல மடங்கு அதிகமாக அறைக் காற்றில் இருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் அறைக் காற்றையும் தனிக் குழாயில் பிடித்து ஒப்பிட வேண்டும். இதைவிடப் பெரிய பிழை ஆய்வு அமைப்பிலேயே நுழையக்கூடியது. புற்று நோயாளிகளிடம் கொலனோஸ்கோபி நாளன்று, பேதி மருந்து குடித்துக் குடல் சுத்தமான நிலையில் மாதிரி எடுத்து, நலமானவர்களிடம் சாதாரண நாளில் எடுத்தால், கணினி கண்டுபிடிப்பது புற்றையல்ல, பேதி மருந்தை.

எண்களையும் பார்க்க வேண்டும். பாரி ஆய்வில் நோயாளிகள் 37 பேர், நலமானவர்கள் 41 பேர். அந்தச் சேர்மத் தொகுப்பை வைத்து 86 சதவீத நோயாளிகளை நோயாளிகள் என்றும், 83 சதவீத நலமானவர்களை நலமானவர்கள் என்றும் கருவி சொன்னது. யாருக்கு நோய் என்று மறைத்துப் புதிதாக 25 பேரிடம் சோதித்தபோது 19 பேரைத்தான் சரியாகப் பிரித்தது. முதல் எண்களையே ஏற்றுக்கொண்டாலும் கணக்கு இதுதான்: 1,000 பேரில் 5 பேருக்குப் புற்று இருப்பதாக வைத்துக்கொண்டால், 4 பேரைப் பிடிப்பதற்கு, நோயில்லாத சுமார் 170 பேரைக் கொலனோஸ்கோபிக்கு அனுப்ப நேரிடும். மலத்தில் மறைந்துள்ள ரத்தத்தைக் காட்டும் ஃபிட் பரிசோதனை 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 9,989 பேரிடம் சோதிக்கப்பட்டது. புற்று இருந்த 65 பேரில் 48 பேரைப் பிடித்தது. நோயில்லாதவர்களில் தவறான எச்சரிக்கை சுமார் 5 சதவீதம்தான். புதிய மூச்சுப் பரிசோதனை பற்றிச் செய்தி வெளியிடும்போது, எத்தனை பேரிடம் சோதித்தார்கள், மறைத்துச் சோதித்தார்களா, ஃபிட்டோடு ஒப்பிட்டார்களா என்ற மூன்றையும் சேர்த்து எழுதும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

தேசியத் தொற்றா நோய்த் திட்டத்தின் பொதுப் பரிசோதனை வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுகளுக்கானது; குடலுக்கு நாமேதான் கேட்டு எடுக்க வேண்டும். அமெரிக்காவில் 2021 முதல் 45 வயதிலேயே தொடங்கச் சொல்கிறார்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் வந்திருந்தால் இன்னும் முன்னதாகத் தொடங்குவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஃபிட்டுக்குப் பத்தியம் இல்லை. இறைச்சியும் பீட்ரூட்டும் அதைக் குழப்பாது. மலம் தண்ணீரில் படுவதற்கு முன் காகிதத்திலோ உலர்ந்த பாத்திரத்திலோ பிடித்து, பரிசோதனைக் குப்பியோடு வரும் குச்சியின் வரித்தடம் மட்டும் நிறையுமாறு நாலைந்து இடத்தில் குத்தி எடுக்க வேண்டும். அள்ளித் திணித்தால் அளவு பிழையாகும். மாதவிடாய் நாட்களில் எடுக்க வேண்டாம். நம் ஊர் வெயிலில் குப்பியை வண்டியில் வைத்துவிட்டுப் போனால் ஹீமோகுளோபின் சிதைந்து, ரத்தம் இருந்தும் இல்லை என்று வரலாம். குளிர்ச்சியாக வைத்து அன்றே ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள்.

ரத்தம் இருப்பதாக வந்தால் ஃபிட்டையே இன்னொரு முறை எடுத்துப் பார்த்து நிம்மதி அடைவதுதான் அதிகம் நடக்கும் தவறு. புற்று விட்டுவிட்டுத்தான் கசியும். இரண்டாம் முறை இல்லை என்று வந்ததால் முதல் முடிவு பொய்யாகிவிடாது. அடுத்தது கொலனோஸ்கோபிதான். மலத்தோடு ரத்தம் கண்ணுக்கே தெரிந்தாலோ, மலம் கழிக்கும் வழக்கம் வாரக்கணக்கில் மாறியிருந்தாலோ, காரணமில்லாமல் ரத்தசோகை வந்தாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஏற்கெனவே மூலம் இருக்கிறது என்பதற்காக அந்த ரத்தத்தை அதன் கணக்கில் எழுதிவிட வேண்டாம். மூலம் உள்ளவருக்கும் குடல் புற்று வரும்.

இப்படிக்கு,
குடல்நோய் மருத்துவத்திலும் ஆய்வகப் பகுப்பாய்விலும் பணிபுரியும் வாசகர்கள்