லூருக்கு இரண்டு கோட் சீலர் போதாது

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மர லூர் (தூண்டிலில் மாட்டும் செயற்கை இரை மீன்) கட்டுரையில் செதுக்கும் முறையும் ஈயம் வைக்கும் இடமும் நன்றாக விளக்கப்பட்டிருந்தன. கடைசிப் பத்தியில்தான் சறுக்கல். ‘சாண்டிங் சீலர் இரண்டு கோட், மேலே பெயின்ட், அதன்மேல் வார்னிஷ்’ என்று முடித்துவிட்டார்கள். குளத்தில் விராலுக்குப் போடுகிறவருக்கு அது சில காலம் ஓடும். தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்திலும் பூவாறிலும் கொடுவா மீனுக்கும் பாறை மீனுக்கும் வீசுகிறவர்களுக்கு அது கைகொடுக்காது.

சாண்டிங் சீலர் கதவுக்கும் அலமாரிக்கும் உரியது. உப்புத்தாள் அடைக்காமல் ஓட வேண்டும் என்று அதில் பெரும்பாலும் ஸ்டியரேட் என்ற வழவழப்புப் பொருளைக் கலந்திருப்பார்கள். மேலே வரும் எபாக்ஸியையோ (இரண்டு பகுதி கலந்தால் இறுகும் பிசின்) பாலியூரித்தேனையோ இறுகப் பிடிக்க விடாமல் செய்வது அந்த வழவழப்புதான். நீரையும் அது நெடுநேரம் தடுக்காது.

லூருக்குள் தண்ணீர் போவது பெரும்பாலும் வயிறு, முதுகு வழியாக அல்ல. தூண்டில் முள் மாட்டும் வளைய ஸ்க்ரூவின் துளை, லூரை நீரில் முங்கச் செய்யும் நாக்குத் தகடு செருகும் வெட்டு, தலையிலும் வாலிலும் நார் குறுக்கே அறுபட்ட முகம், இந்த மூன்றும்தான் வாசல். மரத்தில் நீர் நாரின் குறுக்கே போவதைவிட நாரோட்டத்தில் பல மடங்கு வேகமாக ஏறும். ஊறிய மரம் அகலத்தில் உப்பும்; மேலே உள்ள பூச்சு ஓடு உப்பாது. அப்போது முதுகில் நீளவாக்கில் மயிரிழை விரிசல் விழும். பிறகு எத்தனை கோட் போட்டாலும் பயனில்லை. ஆகவே துளை, வெட்டு, ஈயக்குழி எல்லாவற்றையும் முடித்து, உப்புத்தாளை 120, 220, 320 என்று இறக்கித் தேய்த்த பிறகே சீல் செய்ய வேண்டும். சீல் செய்த மரத்தில் பிறகு துளை போட்டால் செய்த வேலை வீண்.

மரம் காய்ந்திருக்கிறதா என்பதைக் கையால் தடவிச் சொல்ல முடியாது. கட்டுமரத்துக்கு வெட்டும் அல்பீசியா, முருக்கு, ஏழிலைப்பாலை போன்ற இலகுவான மரங்கள் மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தையே குடிக்கும். சிறு டிஜிட்டல் தராசில் தினமும் ஒரே நேரத்தில் நிறுங்கள். மூன்று நாள் எடை மாறாமல் நின்றால் சரி. ஆனி, ஆடியில் அது நிற்காது. ஓர் அட்டைப்பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்பு எரியவிட்டு, அட்டையில் படாமல் பார்த்துக்கொண்டு, அதில் காய வையுங்கள். தேக்கு எடுத்தால் அதன் எண்ணெய்ப்பசை எபாக்ஸியை ஒட்டவிடாது. பூசுவதற்குச் சற்று முன் அசிட்டோன் தொட்ட துணியால் துடைக்க வேண்டும்.

சீலுக்கு நாங்கள் சொல்வது, கைவினைக் கடைகளில் கிடைக்கும் நீர்த்த, மெதுவாக இறுகும் எபாக்ஸி. அரால்டைட் இதற்குக் கெட்டி. அதை ஸ்க்ரூ ஒட்ட வைத்துக்கொள்ளுங்கள். லூரை ஹேர் டிரையரில், கையில் பிடிக்க முடிகிற அளவுக்குச் சூடாக்கி, டிரையரை அணைத்துவிட்டுப் பூசுங்கள். மரம் ஆற ஆற உள்ளே இருக்கும் காற்று சுருங்கி எபாக்ஸியை இழுத்துக்கொள்ளும். காலையில் பூசி வெயில் ஏறும் இடத்தில் வைத்தால் நேர் எதிராக நடக்கும்: காற்று விரிந்து வெளியே வரும், மேலெல்லாம் கொப்புளம். துளைகளுக்குள் ஈர்க்கில் தொட்டுச் சுற்றிலும் பூச வேண்டும். தலையும் வாலும் குடிக்கக் குடிக்கக் கொடுத்து, பத்து நிமிடம் கழித்து மேலே மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். உள்ளே போவதுதான் சீல், மேலே நிற்பது அல்ல. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரை (இறுக வைக்கும் பகுதி) கூட்டாதீர்கள். புட்டியில் உள்ள விகிதம் தப்பினால் ஒருநாளும் சரியாக இறுகாது.

ஈரக்காற்றில் இறுகிய எபாக்ஸியின் மேல் மெழுகுபோல் ஒரு படலம் பூக்கும். கடலோரத்தில் இது சகஜம். அதை நேராக உப்புத்தாளால் தேய்த்தால் உள்ளே அரைபடும். அடுத்த கோட் வட்டவட்டமாக விலகும். முதலில் தண்ணீரும் தேய்ப்பு நாரும் கொண்டு கழுவி, காயவைத்து, பிறகு 320.

எபாக்ஸி வேண்டாம் என்பவர்களுக்கு ஆளி விதை எண்ணெய் உண்டு. பெயின்ட் கடையில் ‘டபுள் பாயில்ட்’ என்று கேளுங்கள். டர்பன்டைனுடன் சமபங்கு கலந்து ஓர் இரவு முக்கி, துடைத்து, இரண்டு மூன்று வாரம் தொங்கவிட வேண்டும். பொறுமையில்லாமல் பெயின்ட் அடித்தால் உரியும். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள். தேங்காய் எண்ணெய் காயவே காயாது, அதை நினைக்கவும் வேண்டாம். வள்ளத்துக்குப் பூசும் மீன் எண்ணெயும் அண்டித்தோட்டு (முந்திரிக்கொட்டைத் தோட்டு) எண்ணெயும் வெறும் மரத்தைக் காக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றின் மேல் பெயின்ட் பிடிக்காது. அண்டித்தோட்டு எண்ணெய் கைத்தோலையும் பொத்துப்போகச் செய்யும்.

கட்டுரை விட்டுவிட்ட இன்னொன்று எடை. 10 சென்டிமீட்டர் லூருக்கு ஒரு கோட் எபாக்ஸி ஏறத்தாழ 2 மில்லி, அதாவது 2 கிராமுக்குச் சற்று மேல். அல்பீசியா லூரின் மரமே 8 கிராம் சுற்றித்தான் வரும். எனவே மிதப்புச் சோதனையைச் சீலுக்குப் பின், பெயின்டுக்கு முன், முள்ளும் வளையங்களும் மாட்டி, மேல் கோட்டின் எடைக்கு ஈயக்கம்பி சுற்றிச் செய்ய வேண்டும். வாளித் தண்ணீரில் நடுவே நிற்கும் லூர் கடலில் மேலே மிதக்கும். உப்பு நீர் இரண்டரை சதவீதம் கனம். எங்கே வீசப் போகிறீர்களோ அந்தத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.

பெயின்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: வெள்ளை பிரைமர், மெல்லிய அக்ரிலிக், கண் ஒட்டுவது மேல் கோட்டுக்கு முன். மார்க்கர் பேனாக் கோடுகள் மேல் கோட்டில் கரைந்து பரவக்கூடும். ஒரு துண்டு மரத்தில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பெயின்ட் அடித்த பிறகு வெறும் விரல் படக் கூடாது.

மேல் கோட்டுக்கான எபாக்ஸியை மூன்று லூருக்குச் சேர்த்துக் கலக்குங்கள். ஒன்று இரண்டு மில்லி அளக்கும்போது ஒரு துளிப் பிழையே விகிதத்தைக் கெடுக்கும். மருந்துக்கடை சிரிஞ்சில், சமபங்கு வகையென்றால் 3 மில்லி, 3 மில்லி. மூன்று நிமிடம் மெதுவாகக் கலக்கி, வேறு கோப்பைக்கு மாற்றி மறுபடி கலக்குங்கள். முதல் கோப்பையின் ஓரத்தில் கலக்காதது ஒட்டியிருக்கும்; பிசுபிசுக்கும் திட்டுகள் அதனால்தான். பூசியது ஒரு பக்கம் வழியாமல் இருக்க லூரைச் சுழற்ற வேண்டும். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டு சுழற்றும் மோட்டார் நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று, இதற்கென்றே செய்ததுபோல் பொருந்தும். இறுகும்வரை அதில் சுழல விடுங்கள். ஒரு தடித்த கோட்டைவிட இரண்டு மெல்லிய கோட் நல்லது. காருக்கு அடிக்கும் இரட்டைக் கலவை கிளியரை வீட்டில் ஸ்பிரே செய்ய வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட் என்ற, மூச்சுக்கு ஆகாத வேதிப்பொருளைத் துணி முகக்கவசம் தடுக்காது.

வளைய ஸ்க்ரூவைக் கடைசியில், துளையில் அரால்டைட் விட்டு, கழுத்தைச் சுற்றிச் சிறிது பிதுங்கும்படி முறுக்குங்கள். ஊழி (பாராகுடா) மீனின் பல் பதிந்து ஓடு உடைந்தால் நல்ல தண்ணீரில் அலசி, முழுக்கக் காயவைத்து, ஃபெவிக்விக் ஒரு சொட்டு விடலாம். அதைப் பருத்தித் துணியால் துடைத்துவிடாதீர்கள், சூடேறிப் புகையும். ரப்பர் புழுக்களையும் (மென்பிளாஸ்டிக் இரைகள்) இந்த லூரையும் ஒரே பெட்டியில் போட்டால் புழுவிலிருந்து கசிவது பெயின்டைக் கரைத்துவிடும். தனித்தனிப் பெட்டி வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்கள், நித்திரவிளை, கன்னியாகுமரி மாவட்டம்